எல்லைக் கதவருகே ஒரு தமிழ்க் குரல்

வடகிழக்கே மணிப்பூர் மாநிலத்தின் ஓரத்தில், பர்மா தேசத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சிற்றூர் மோரே. இம்பால் நகரிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குச் சில தினங்கள் முன்பாக, நாம் அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது.

பல்லேல் வரை சமவெளி. அதன்பின் தெங்நௌபால் மலை ஏற்றம். குளிர்காற்று, மூடுபனி, வளைவுக்கு வளைவு இராணுவச் சோதனை. இறங்கியதும் காதில் விழுந்த முதற் சொற்கள், “வாங்க, காபி சாப்பிடுறீங்களா?” என்பதே. திகைத்து நின்றோம். பலகாரக் கடையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் பர்மிய அத்தோவும் மொய்ங்காவும். சற்றுத் தொலைவில் அங்காள பரமேசுவரி கோயிலின் கோபுரம்.

குக்கி, மெய்த்தி, நேபாளி, சீக்கியர், மார்வாரி, வங்காளி, பீகாரி, தமிழர் என்று இத்தனை இனத்தாரும் ஒரே கடைவீதியில் பேரம் பேசுவதை வேறெங்கும் நாம் கண்டதில்லை. கிறிஸ்தவ ஆலயங்கள், பள்ளிவாசல், குருத்துவாரா யாவும் நடை தூரத்திலேயே உள்ளன. தமிழ்க் கடைக்காரர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் நான்கு மொழிகள் பேசினார். கணக்கு மட்டும் தமிழில்!

எல்லை வணிக ஒப்பந்தம் 1994-இல் கையெழுத்தாகி, மறு ஆண்டு ஏப்ரலில் இவ்வாயில் முறைப்படி வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி, அனுமதிச் சீட்டுப் பெற்று, அப்பால் நம்பாலோங் சந்தைக்குள் நுழைந்தோம். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவிவிடுகிறது! சீனத்துப் போர்வைகள், தாய்லாந்துச் செருப்புகள், குடைகள், பீங்கான் சாமான்கள் மலையாய்க் குவிந்திருந்தன. கன்னத்தில் சந்தனம் போன்ற தனக்கா பூசிய பெண்கள் சிரித்துக்கொண்டே விலை சொல்கிறார்கள். பாதி விலையில் தொடங்குவது நலம் என்று பின்னரே அறிந்தோம். போர்வை ஒன்று வாங்கினோம். மாலையில் வாயில் அடைபடுமுன் திரும்ப வேண்டுமாதலால் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் விருந்து. சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். வீட்டுப் பாட்டியம்மாள் ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு தம் கதையைச் சொன்னார். பர்மாவில் பிறந்தவர். 1962-இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். பின்னர் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். இவர் குடும்பமும் கப்பலேறிச் சென்னை வந்தது.

“மெட்ராசுல வேலையுமில்ல, அந்த வெயிலும் தாங்கல சாமி. பிறந்த மண்ணுக்கே போயிடலாம்னு ரயில்லயும் கால்நடையாவும் இந்தப் பக்கமா வந்தோம். பர்மாக்காரன் உள்ளே விடல. திரும்பிப் போகவும் காசில்ல. கதவுகிட்டயே தங்கிட்டோம்” என்றார். இப்படித் தங்கியவர்களே மோரேயின் தமிழர். சிலர் நினைப்பதுபோல் அவர்கள் வணிகம் நாடி வந்தவர்களல்லர். வணிகம்தான் அவர்களை நாடிப் பின்னால் வந்தது.

விடைபெறும்போது பாட்டி, “வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு புட்டி அனுப்புங்க” என்று கேட்டார். ஊர் திரும்பியதும் அனுப்பினோம். கிடைத்ததென்று பேரன் கையால் எழுதிய கடிதமும் வந்தது.

அதன்பின் நடந்தவற்றை நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் வாயில்கள் மூடப்பட்டன. 2021 பிப்ரவரியில் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. அக்கரையில் துப்பாக்கி வெடித்தது. அகதிகள் இக்கரை வந்தனர். 2023 மே 3-ஆம் நாள் மணிப்பூரில் மூண்ட இனக்கலவரம் மோரேயையும் எரித்தது. மெய்த்தியர் ஊரைவிட்டே அகன்றனர். எவர்மேலும் பகையில்லாத தமிழர் வீடுகள் சிலவும் நெருப்புக்குத் தப்பவில்லை. ஒரே வீதியில் பேரம் பேசியவர்கள்தாமே இவர்கள் என்று எண்ணும்போது நமக்கு உறக்கம் வரவில்லை.

கலவரத்துக்குப்பின் பாட்டியின் முகவரிக்கு இருமுறை கடிதம் எழுதினோம். இரண்டாவது கடிதத்துடன் எண்ணெய்ப் புட்டியும் அனுப்பினோம். பொதி திரும்பி வரவில்லை; பதிலும் வரவில்லை. நம்பாலோங்கில் வாங்கிய போர்வை மார்கழிக் குளிருக்கு இன்றும் உதவுகிறது.