இறுதிக் களமும் அரைப்பேரும்

கதையொன்றின் முடிவு வாசகனை ஏமாற்றுவது புதிய செய்தியன்று. 1893ஆம் ஆண்டில் ஆர்தர் கொனன் டொயில் தமது துப்பறிவாளரான ஷெர்லொக் ஹோம்ஸை அருவியொன்றில் வீழ்த்திக் கதையை முடித்தபோது வாசகர்கள் கொதித்தெழுந்தனர். பத்து ஆண்டுகளின் பின்னர், 1903இல், ஆசிரியரே அவரை உயிருடன் மீட்டுவர வேண்டியதாயிற்று. ஆயினும் அவ்வாசகர்களுள் எவரும் கதையினுள்ளே நின்று எதனையும் தீர்மானித்தவர் அல்லர். அவர்கள் படித்தார்கள், முடிவு பிடிக்கவில்லை, முறையிட்டார்கள். கணினி விளையாட்டோ ஆடுபவனைக் கதைக்குள்ளே அழைத்து, யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்று அவனிடமே கேட்கின்றது. அவ்வாறு கேட்டுவிட்டு இறுதியில் அவனது விடைகளை மறந்துவிடுமாயின், அவ்வேமாற்றத்தின் இயல்பே வேறாகின்றது.

பதுளையிலிருந்து பசறை செல்லும் பாதையில், நமுனுகுல மலையின் அடிவாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த இளைஞன் ஒருவன் 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இவ்வேமாற்றத்துக்கு ஆளானான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. கொழும்பில் கடையொன்றிலே வேலைபார்த்த தமையன், தன் முதலாளி கழித்துவிட்ட கணினியைத் தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்திருந்தான். பதுளை நகரில் வாங்கிய தட்டுகளில் ‘மாஸ் எபெக்ட்’ என்னும் அறிவியற் புனைகதை விளையாட்டின் மூன்று பாகங்களும் இருந்தன. கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவெயர் நிறுவனம் ஆக்கிய இவ்விளையாட்டின் முதற்பாகம் 2007இலும், இரண்டாவது 2010இலும், மூன்றாவது 2012 மார்ச்சிலும் வெளியாகின. ஏனையோர் ஐந்து ஆண்டுகளில் கடந்த தூரத்தை அவன் ஏறத்தாழ மூன்று மாதங்களில், வடகீழ்ப் பருவமழை கூரைத் தகரத்தில் கொட்டிய இரவுகளில் கடந்தான். மின்சாரம் தடைப்படும் இரவுகளும் பல. தடைப்படுமுன் சேமித்துக்கொள்ள வேண்டுமென்ற பதற்றம் அவனது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

கதையை ஓரளவு கூறுதல் அவசியமாகின்றது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘ரீப்பர்’ எனப்படும் இயந்திரப் பேருயிர்கள் விண்வெளியின் இருளிலிருந்து வந்து, வளர்ச்சியடைந்த நாகரிகங்களையெல்லாம் அறுவடை செய்து செல்கின்றன. இம்முறை அவற்றை எதிர்க்க, ஒருவரையொருவர் நம்பாத பல இனங்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு கொமாண்டர் ஷெப்பேர்ட் என்னும் மாந்தப் படையாளுக்கு உரியது. ஷெப்பேர்டாக இயங்குபவன் ஆடுபவன். அவன் எடுக்கும் முடிவுகள் ஒரு பாகத்திலிருந்து மறுபாகத்துக்குக் கொண்டுசெல்லப்படும் என்பதே இத்தொடரின் தனிச்சிறப்பாக விளம்பரம் பெற்றது. முதற்பாகத்தில் ‘ராக்னி’ என்னும் இனத்தின் கடைசி அரசியைக் கொல்லாது விட்டால், மூன்றாம் பாகத்தில் அவ்வினம் துணைக்கு வரும். மலட்டு நோயூட்டி ஒடுக்கப்பட்ட ‘குரோகன்’ இனத்தின் நோயைத் தீர்க்க மோர்டின் என்னும் முதிய விஞ்ஞானி தன் உயிரைக் கொடுப்பார். அக்காட்சியில் அவன் அழுதான். அதனை எவரிடமும் அவன் மறைக்கவில்லை.

எனினும் அவனை மிகவும் ஈர்த்தோர் ‘குவாரியன்’ என்னும் இனத்தாரே. தாம் படைத்த இயந்திரங்களிடம் தாயகத்தை இழந்து, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கப்பல்களிலேயே பிறந்து கப்பல்களிலேயே இறக்கும் மக்கள் அவர்கள். எந்தத் துறைமுகத்திலும் அவர்கள் வேண்டாத விருந்தாளிகள். முகமூடியின்றி மூச்சுவிடவும் இயலாதவர்கள். அவனது பாட்டனார் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னரும் எந்நாட்டவர் என்பது தீர்மானிக்கப்படாமலே காலமானவர். எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்த ஒற்றுமையை விளையாட்டை ஆக்கியவர்கள் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். ஆனால் குவாரியப் பெண்ணொருத்தி தன் மூதாதையரின் கோளிலே முதன்முறையாகக் கால்வைத்து முகமூடியைக் கழற்றிய கணத்தில், அந்த லயத்து அறையில் அமர்ந்திருந்தவனுக்கு அது அயலார் கதையாகத் தோன்றவில்லை.

இவ்வாறு திரட்டிய துணைகள் யாவும் கப்பலிலுள்ள ஒரு திரையில் பட்டியலாகப் பதியப்படுகின்றன. ஒவ்வொரு படைக்கும் ஒரு குறிப்பு, ஓர் எண். அவ்வெண்களின் கூட்டுத்தொகையே இறுதிப் போருக்கான வலிமை. அவன் வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் அத்திரையின் முன்னே சென்று நிற்பான். பட்டியல் வளர்வதைக் காண்பதில் அவனுக்கு ஒரு நிறைவு இருந்தது. தோட்டத்துச் செக்ரோலில் தன் பெயருக்கு நேரே இடப்பட்ட அடையாளத்தைச் சரிபார்க்கும் தொழிலாளியின் நிறைவு என்று அதனைக் கூறலாம்.

இறுதிக் களம் லண்டன் மாநகரம். அங்கேதான் எல்லாம் சிதைந்தது.

விண்ணில் கப்பற்படைகள் திரண்டு வரும் காட்சி ஒன்று உண்டு, அது கம்பீரமானதே. தோழர்களிடம் விடைபெறும் உரையாடல்களும் நெகிழ்ச்சியானவை. ஆனால் தரையில் இறங்கிய பின்னர் அவனுடன் வந்தோர் இருவர் மட்டுமே. இடிபாடுகளுக்கிடையே ஒரேவகைப் பகைவர் அலையலையாக வந்தனர், சுட்டான், மீண்டும் வந்தனர். ராக்னிகள் எங்கே? அவன் சமாதானம் செய்துவைத்த இயந்திர இனத்தின் படைகள் எங்கே? குரோகன்கள் முகாமில் ஓர் உரையைக் கேட்டு ஆரவாரித்ததோடு சரி. முடிவில் ஒளித்தூண் ஒன்றை நோக்கி ஓடி, காயமுற்று, மேலே சென்றடைந்தபோது, அதுவரை கதையில் இடம்பெற்றிராத ஒரு செயற்கை அறிவு சிறுவன் வடிவில் தோன்றி மூன்று வழிகளைக் காட்டியது. அழிக்கலாம், ஆளலாம், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்கலாம். அவன் சேமித்த இடத்துக்கு மீண்டும் மீண்டும் சென்று மூன்றையும் தேர்ந்து பார்த்தான். சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறம் மாறியது. ஏனைய காட்சிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

இவ்வேமாற்றம் அவனுக்கு மட்டும் உரியதன்று. ‘முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிச் சொல்லும்படி முடிவுகள் அமையா’ என்னும் பொருள்பட இயக்குநர் கேஸி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்னரே நேர்காணலொன்றில் கூறியிருந்தார். அவ்வாக்கே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. ஆடியோர் ஒன்றுகூடி, தமது அதிருப்தியைக் காட்டும் வழியாக நோயுற்ற சிறுவர்க்கு உதவும் அறநிறுவனமொன்றுக்கு எண்பதாயிரம் டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். சிவப்பு, நீலம், பச்சை மேற்பூச்சிட்ட ஏறத்தாழ நானூறு சிறு கேக்குகளைச் சிலர் அந்நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தனர். நிறம் எதுவாயினும் சுவை ஒன்றே. இலக்கியத் திறனாய்வாளர் பலரது நீண்ட கட்டுரைகளைவிட இக்கேக்குகள் செய்தியைத் தெளிவாகக் கூறின எனலாம்.

ஆக்கியோர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. இருவழிப்பட்ட முடிவுகள் பத்து இருப்பின், அவற்றின் சேர்க்கைகள் 1024 ஆகும். மூன்று பாகங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளோ பத்துக்கும் மிகப் பல. ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிக்களம் அமைத்து, குரல் பதிந்து, காட்சி வரைவதென்பது எந்த நிறுவனத்தாலும் ஆகாத காரியம். ஆகவே பலவாகிய செயல்களை ஓர் எண்ணாகச் சுருக்குவது அவர்களுக்குத் தவிர்க்கவியலாத உத்தியாயிற்று. குறை சுருக்கியதில் இல்லை. சுருக்கிய எண்ணை இறுதிநாளில் மீண்டும் முகங்களாக விரிக்கத் தவறியதிலேயே உள்ளது. ஒவ்வோர் இனத்துக்கும் களத்தின் ஒரு மூலையில் ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

மாசியில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை இவ்விடத்தில் எண்ணிப்பார்த்தல் தகும். காமன் எரிக்கப்படுவான் என்பதை லயத்துச் சிறுவனும் அறிவான். முடிவு ஆண்டுதோறும் ஒன்றே, துயரமானதும் கூட. எனினும் எவரும் ஏமாற்றத்துடன் திரும்புவதில்லை. தப்பொலியுடன் வீடுவீடாக ஆடிவந்த காமனையும் ரதியையும் வாசலில் வரவேற்ற அத்தனை குடும்பங்களும் தகன இரவில் திடலிலே நிற்கும். வேடமிட்டவனும், தப்படித்தவனும், அரிசி கொடுத்தவளும் அங்கே இருப்பர். துயர முடிவைச் சகிக்கும் மனம் அவனுக்கு இருந்தது. ஷெப்பேர்ட் இறந்ததற்காக அவன் வருந்தினானே தவிரக் குறைகூறவில்லை. திடலில் ஆள் இல்லாததையே அவனால் ஏற்க முடியவில்லை.

இவற்றுக்கு மேலாக இன்னொன்றும் நிகழ்ந்திருந்தது. திரட்டிய வலிமை முழுவதும் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ‘ஆயத்த நிலை’ என்னும் ஒரு சதவீதத்தால் அது பெருக்கப்படும். அச்சதவீதம் தொடக்கத்தில் 50. அதனை உயர்த்துவதற்கு இணையத்தின் வழியே பிறருடன் சேர்ந்து ஆட வேண்டும். லயத்தில் இணைய இணைப்பு ஏது? 7000 திரட்டியவனுக்கு 3500 மட்டுமே பதிவாகும். முதலில் அவன் இதனைக் கணக்குப் பிழையென்றே நினைத்தான். பின்னர், பதுளையில் இணையக் கடையொன்றில் மணிக்கட்டணம் செலுத்தி அமர்ந்து, பிறர் எழுதியவற்றைப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று.

அன்று மாலை அவன் முகம் வாடியிருந்ததைக் கண்டு தாயார் காரணம் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர் அவர். விண்கப்பல்களைப் பற்றி அவருக்கு எப்படி விளக்குவதென்று தெரியாமல், சேர்த்ததில் பாதியைக் கழித்துவிட்டார்கள் என்று மட்டும் அவன் சொன்னான்.

“அரப்பேரு போட்டுட்டானா தம்பி?” என்றார் அவர்.

தோட்டமறியாத வாசகர்க்கு இது விளங்காது. ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அதனை எட்டாதவளுக்கு அன்று முழுப்பேர் இல்லை, அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். மலையில் நின்றது முழுநாளாயினும் ஏட்டில் நிற்பது அரைநாள். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 2011ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 380 ரூபா. விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபா. வரவுக் கொடுப்பனவு 105 ரூபா. ஆக 515 ரூபா. அந்த 105 ரூபாவைப் பெறுவதற்கு, வழங்கப்பட்ட வேலைநாள்களில் 75 சதவீதத்துக்குச் சமுகமளித்திருக்க வேண்டும். சதவீதத்தினால் பெருக்கப்பட்டுச் சுருங்கும் உழைப்பை அவர் நெடுங்காலமாக அறிந்தவர். கொழுந்து மடுவத்திலே தராசின் முன் நின்று, சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படுவதைக் கண்டவர். ஆகவே மகனது துயரத்தை விளையாட்டென்று அவர் தள்ளவில்லை. படித்த நண்பர்கள் சிலர் தள்ளினர்.

அவர் மேலும் ஒன்று கேட்டார். “நீ சேத்த ஆளுங்கெல்லாம் எங்க போனாங்களாம்?” அவன் பதில் சொல்லவில்லை.

முறைப்பாடுகளைத் தொடர்ந்து, 2012 ஜூன் 26ஆம் திகதி நிறுவனம் விரிவாக்கப்பட்ட முடிவொன்றை இலவசமாக வெளியிட்டிருந்தது. அதன் அளவு ஏறத்தாழ இரண்டு கிகாபைட்டு. இணையக் கடையில் இருநாள் காத்திருந்து அதனை இறக்கி எடுத்துவந்தான். மூன்று வழிகளின் விளைவுகளும் இப்போது விளக்கப்பட்டிருந்தன. நான்காவதாக, யாவற்றையும் மறுக்கும் வழியொன்றும் சேர்ந்திருந்தது. இணையத்தில் ஆடாதவரும் முழுமையான முடிவை எட்டத்தக்கதாகத் தேவையான வலிமையும் குறைக்கப்பட்டிருந்தது. அதனை அவன் நன்றியுடன் ஏற்றான். ஆனால் லண்டன் தெருக்கள் முன்போலவே வெறுமையாக இருந்தன. புரியவில்லை என்று கேட்டோர்க்கு விடை கிடைத்தது. அவன் கேட்டது புரியாமையைப் பற்றியதன்று.

அடுத்த ஆண்டில் தாயார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசி நாட்கொழுந்து ஏனைய நாள்களைப் போலவே நிறுக்கப்பட்டது, ஈரத்துக்குக் கழிக்கப்பட்டது, எழுதப்பட்டது. மடுவத்தில் எவரும் எதுவும் கூறவில்லை. கூடவந்த பெண்கள் இருவர் மட்டும் லயம்வரை அவருடன் நடந்து வந்தனர்.

பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் நாளில் அவனது பெட்டியில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருந்தது. செக்ரோலைப் போல நிரல்கள் கீறப்பட்டிருந்தன. இடப்புறத்தில் பெயர்கள்: ராக்னி அரசி, குவாரியக் கப்பற்படை, மோர்டினுக்காக வந்த குரோகன்கள் என நீண்டன. வலப்புறத்தில், லண்டனின் எந்தத் தெருவில், எந்தப் பாலத்தின் அருகில் ஒவ்வொருவரும் நின்றிருக்க வேண்டுமென்பது குறிக்கப்பட்டிருந்தது. எல்லாப் பெயர்களுக்கும் நேரே முழுப்பேர் போடப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், விளையாட்டோடு தொடர்பில்லாத மூன்று பெண்களின் பெயர்களும் இருந்தன.