தவறணையில் வெளிச்சம்

நான் ஓய்வுபெற்ற அன்று பெரட்டுக்களத்தில் வாழ்த்திப் பேசிய ஒருவர், தேயிலைத் தவறணை என்றால் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதானே என்றார். இன்னும் மனம் ஆறவில்லை. தண்ணீர் யாரும் ஊற்றலாம். வெளிச்சத்தை அளந்து விடத்தான் பழகிய கை வேண்டும்.

எங்கள் ஹேவாஹெட்ட மலையில், லூல்கந்துரவில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டது விதைத் தேயிலை. விதைக்கன்று ஆணிவேர் விட்டுத் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். இப்போது தவறணையில் வளர்க்கிற கட்டிங்குக்கு ஒரே இலை, வேர் கிடையாது. அந்த இலை வெளிச்சத்தில் உணவு சமைத்துத்தான் வேர் உண்டாக்க வேண்டும். வெயில் கொஞ்சம் கூடினால், உறிஞ்ச வேரில்லாமல் இலை கருகி விழும். நிழல் கூடினால் ஈரம் தங்கி அழுகும்.

எனக்கு வேலை பழக்கிய கங்காணி நிழல் பந்தலுக்குக் கெக்கில்லா என்கிற பன்னத் தழை தவிர வேறெதையும் தொடமாட்டார். அந்தப் பிடிவாதம் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. தழை காயும். காயக் காய இலை உதிரும். உதிர உதிர வெயில் பொட்டுப்பொட்டாக இறங்கும். கீழே வேர் பிடிப்பதும் மேலே தழை உதிர்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும். சீக்கிரம் உதிர்ந்த இடத்தில் புதுத்தழை சொருகுவார். அடைந்துகிடந்த இடத்தில் இரண்டு கொப்பை உருவி எறிவார். உச்சிவெயிலில் பாத்திமேல் என் கையை நீட்டச் சொல்வார். நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் தழை போதாது. பனிமூட்டத்தில் இது செல்லாது. அன்றைக்கு இலையைத்தான் பார்க்க வேண்டும். வெளிறினால் வெயில் அதிகம். கரும்பச்சையாக அகன்று தொங்கினால் நிழல் அதிகம்.

இப்போது 70 சதவீதக் கறுப்பு வலையை முதல்நாள் கட்டுகிறார்கள், கன்று லொறி ஏறும்வரை அவிழ்ப்பதில்லை. வலை காயாது, உதிராது. கன்று நெடுநெடுவென்று வளர்ந்து வாங்குகிறவர் கண்ணை நிறைக்கும். ஆனால் வெயில் பழகாத கன்று, ஐப்பசியில் நட்டால் மாசி வறட்சி தாங்காது. அப்புறம் மண்ணைத் திட்டுவார்கள், டி.ஆர்.ஐ. 2025 என்ற ரகக் கட்டிங்கைத் திட்டுவார்கள்.

வெளிச்சம் அளக்கிற பாடம் தோட்டத்துக்கு வெளியேயும் உண்டு. கண்டியில் பிள்ளைகள் வீட்டுக்குள் தட்டு அடுக்கி, எல்.இ.டி. விளக்கில் சலாது வளர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் என்னிடம் கேட்பதெல்லாம் எத்தனை வாட் என்றுதான். வாட் மின்சார பில்லுக்கான கணக்கு, லூமன் மனிதக் கண்ணுக்கான கணக்கு. இலைக்கு எவ்வளவு விழுகிறது என்பதை மைக்ரோமோலில் போட்டிருப்பார்கள். எந்த உயரத்தில் அளந்தது என்றும் பாருங்கள். ஒற்றை பல்பை இரண்டு மடங்கு உயர்த்தினால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ஆகவே சங்கிலியில் ஏற்றி இறக்கக்கூடிய விளக்குத்தான் வேண்டும். ஊதா விளக்கை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிவப்பும் நீலமும் கலந்தால் செடி வளரும், உண்மை. ஆனால் அதன் கீழ் எல்லா இலையும் கறுத்துத் தெரியும். வெளிறலும் புள்ளியும் கண்ணில் படாது. இலையைப் பார்க்காமல் எப்படி வளர்ப்பது? வெள்ளை வாங்குங்கள். வெளியில் நடப்போகிற கன்றென்றால் விளக்கை நாளுக்கு நாள் இறக்கி, பிறகு காலை வெயிலில் கொஞ்சநேரம் வைத்துப் பழக்குங்கள்.

தோட்டத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறார்கள். பை நிரப்ப ஆள் ஒதுக்கிப் பெயர் போடுகிறார்கள், களையெடுக்கப் போடுகிறார்கள், தண்ணீருக்கும் போடுகிறார்கள். நிழல் குறைக்க ஒரு பெயர் போட்டதை நான் ஓய்வுபெற்ற பிறகு கேள்விப்படவில்லை. காலையில் ஒரே ஓர் ஆளைப் போட்டாலும் போதும், பாதிக் கன்று தப்பும்.