பில் வேணுமா, வேண்டாமா?

முட்டம்னு சொன்னதும் காலேஜ்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் ரியாக்‌ஷன் கொடுப்பாங்க. ‘‘அட, ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்த ஊரா? லைட்ஹவுஸ், பாறை, கடல்... செம ஊராச்சே!’’ செம ஊருதான் பாஸ். ஆனா, பாறையில உட்கார்ந்து ஹீரோ கவிதை எழுதுற கடலுக்குள்ளதான் எங்கப்பா வள்ளம் ஓட்டிட்டுப் போறார். நான் சொல்லப்போற கதையில காதல் இல்லை. டைல்ஸ் இருக்கு. கொஞ்சம் வரியும் இருக்கு. ஓடிடாதீங்க!

போன லீவுல வீட்டுத் தரைக்கு டைல்ஸ் வாங்க அப்பாவோட நாகர்கோவில் போனேன். பத்து வருஷமா சிமென்ட் தரையிலேயே கிடந்த வீடு. அம்மா பூப்போட்ட டிசைன் கேட்டாங்க, நான் ப்ளெய்ன் கேட்டேன், அப்பா விலை குறைஞ்சது கேட்டார். யார் ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்லணுமா என்ன?

மொத்தம் 60,000 ரூபாய். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிட்டு, ரொம்பப் பாசமா ஒரு கேள்வி கேட்டார்: ‘‘பில் வேணுமா, வேண்டாமா?’’

பில்லோட வாங்கினா 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 70,800. பில் இல்லாம வாங்கினா அறுபதே அறுபது. அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ‘‘பில்லு எதுக்கு? காயிதத்தையா தரையில ஒட்டப் போறோம்?’’ன்னு சிரிச்சார். ஒரு துண்டுச் சீட்டுல பென்சிலால அளவு மட்டும் எழுதிக் கொடுத்தாங்க. ‘10,800 மிச்சம்’னு நானும் சந்தோஷமாதான் ஆட்டோவுல ஏறினேன். பொய் சொல்லக் கூடாதுல்ல?

சந்தோஷம் ரெண்டே நாள். பெட்டிகளைப் பிரிச்சா, மூணு பெட்டி வேற ஷேடு. வெள்ளைக்கு நடுவுல பால்கோவா கலர்! கடைக்குப் போய்ச் சொன்னா, பாசம் அப்படியே மாறிடுச்சு. ‘‘எங்க கடையிலதான் வாங்கினீங்களா? பில் இருக்கா?’’

பென்சில் எழுத்தைக் காட்டினோம். சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டார். எங்க வீட்டு அடுக்களை இப்பவும் பால்கோவா கலர்லதான் இருக்கு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. கடைக்காரர் மேல கோபம்தான் முதல்ல. அப்புறம், இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

அந்த 10,800-ல பாதி, அதாவது 5,400 ரூபாய் மாநில அரசுக்கு. மீதிப் பாதி மத்திய அரசுக்கு. ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையிலேருந்து, ஒரே மாநிலத்துக்குள்ள நடக்குற விற்பனைக்கு இதுதான் பங்கு. கடைக்காரர் நம்மகிட்ட வாங்குற வரியில, தான் சரக்கு வாங்கினப்போ கட்டின வரியைக் கழிச்சுக்கிட்டு மீதியை அரசுக்குக் கட்டணும். பில்லே இல்லைன்னா சங்கிலி அங்கேயே அறுந்துபோச்சு. அந்த விற்பனை நடந்ததுக்கே சாட்சி இல்லை.

சரி, அந்த 5,400 யாரோட காசு? இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

நான் ஆறாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சது அரசுப் பள்ளி. இன்ஜினீயரிங் சீட் கிடைச்சது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல கொண்டுவந்த 7.5 சதவிகித இடஒதுக்கீட்டுல. ஃபீஸ் அரசாங்கம் கட்டுது. முதல் வருஷம் ‘புதுமைப் பெண்’ திட்டத்துல 1,000 ரூபாய் அக்கவுன்ட்ல விழுந்த அன்னிக்கு, ஹாஸ்டல்ல பத்து பேருக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தவ நான். நாங்க விட்ட 5,400, என்னை மாதிரி ஒருத்திக்கு அஞ்சு மாசத்துக்கும் மேல வர்ற காசு!

காலையில அப்பாகிட்ட இதைச் சொன்னேன். வலை பொத்திக்கிட்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

‘‘நான் வரி கட்டாதவனா மக்ளே? சோப்புல கட்டுதேன், பிஸ்கட்டுல கட்டுதேன், பைக்குக்குப் போடுத பெட்ரோலுல கட்டுதேன். கடல் வீட்டு வாசல் வரைக்கும் வருது, அதுக்குச் சுவரு எங்க? ரோடு எங்க? எங்கிட்ட மட்டும் கணக்குக் கேக்கியே, அவனுவகிட்ட யாரு கேப்பா?’’

சட்டுனு பதில் வரலை. ஏன்னா, அப்பா சொன்னதுல தப்பே இல்லை. வரிங்கிற வார்த்தைமேல எங்க பக்கத்துக்குப் பழைய கோபம் உண்டு. எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற தலக்குளத்துக்காரர்தான் வேலுத்தம்பி. 1799-ல திருவிதாங்கூர் மந்திரிகள் கட்டாய வசூல்ல இறங்கினப்போ, ஜனங்களைத் திரட்டிக்கிட்டுத் திருவனந்தபுரத்துக்கே போய் நியாயம் கேட்டவர். அந்த ராஜ்ஜியத்துல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க தலை இருக்கிறதுக்கே வரி கட்டியிருக்காங்க. கட்டினவங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கோயில் தெருவுல நடக்கக்கூட உரிமை கிடையாது.

ஆனா, அதே வரிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 1939-ல சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்துச்சு. மதுவிலக்கால கள்ளு, சாராய வருமானம் போன இடத்தை நிரப்பத்தான் அது. நாட்டுலயே அப்படி ஒரு பொது விற்பனை வரிக்கு முன்னோடி நம்ம ஆளுங்கதான். 1956-ல மதிய உணவைத் தொடங்கிவெச்ச காமராஜர், 1969-ல எங்க நாகர்கோவிலோட எம்.பி.! சோறு போட்டு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்ட மாநிலத்துக்குக் காசு வானத்துலேருந்தா வந்திருக்கும்?

அப்பாகிட்ட சரித்திரம் எடுபடலை. அதனால ஒக்கியைச் சொன்னேன்.

2017 நவம்பர் 30. எனக்கு அப்போ சின்ன வயசு. அம்மாவோட சொந்தத்துல ஒருத்தர், மேற்கே தூத்தூர் பக்கத்துக்காரர், கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை. கரையோர ஜனம் மொத்தமும் குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல உட்கார்ந்து கேட்டது என்ன? ‘கப்பல் அனுப்பு, ஹெலிகாப்டர் அனுப்பு, தேடு!’ அந்த வீட்டுக்கு அப்புறம் மாநில அரசோட 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வந்துச்சு. உயிருக்கு ஈடில்லைதான். ஆனா, ரெண்டு பிள்ளைங்க அதுலதான் படிச்சாங்க.

‘‘கப்பலு லேட்டா வந்துச்சுன்னு நீங்கதானே இன்னிக்கும் திட்டுறீங்க? அந்தக் கப்பலுக்கு எண்ணெய் யாரு ஊத்துறா? நம்ம பில்லுல ஒரு பாதி அதுக்கு. இன்னொரு பாதி ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு, மீன்பிடித் தடைக் காலத்துல நமக்கு வர்ற பணத்துக்கு. கட்டிட்டுக் கேட்டா சத்தமாக் கேக்கலாம்பா. கட்டாமக் கேட்டா?’’

அப்பா ஒண்ணும் பேசலை. ஊசி மட்டும் வலைக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்துச்சு.

அதுக்கப்புறம் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். 200 ரூபாய்க்குக் குறைவா வாங்கினா, நாம கேட்டாதான் பில். அதுக்கு மேலன்னா, ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிற கடை கேட்காமலே தரணும். அதுக்காகப் பெட்டிக்கடை அண்ணாச்சிகிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. வருஷத்துக்கு 40 லட்சம் வரை பொருள் விக்கிற கடைக்குப் பதிவே தேவையில்லை. பில்லுல இருக்கிற ஜி.எஸ்.டி. நம்பருக்கு 15 இலக்கம். முதல் ரெண்டு மாநிலம். தமிழ்நாடுன்னா 33, களியக்காவிளை தாண்டினா 32. அந்த 32 ஊர்ல 2022-ல ‘லக்கி பில்’னு ஒரு ஆப் விட்டாங்க. பில்லை போட்டோ எடுத்து அனுப்பினா குலுக்கல்ல பரிசு! ரோட்டுல லாரியை மறிச்சு அதிகாரிகள் பிடிக்கிறது ஒரு வழி. கவுன்டர்ல நிக்கிற நம்மளையே ஆபீஸர் ஆக்குறது இன்னொரு வழி. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு.

போன மாசம் பாத்ரூமுக்கு டைல்ஸ் வாங்கினோம். வேற கடை. 12,000 ரூபாய். அதே பாசம், அதே கேள்வி. அப்பா இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘‘வரியை நான் தர்றேன்பா’’ன்னு என் சேமிப்புலேருந்து 2,160 ரூபாயை எடுத்து வெச்சேன். ‘‘படிச்ச பிள்ளைய கடைக்குக் கூட்டிட்டு வந்தா இதுதான் கேட்டியா’’ன்னு கடைக்காரர்கிட்ட முணுமுணுத்தார். அப்பா திருந்திட்டார்னு எழுதினா எங்க ஊர்க்காரங்களே சிரிப்பாங்க. ஆனா, அந்த பில்லை மாதா படத்துக்குக் கீழ ஆணியில குத்தி வெச்சது நான் இல்லை!

2,160-ல பாதி 1,080. அக்கவுன்ட்ல வந்த ஒரு மாச ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன், 80 ரூபாய் வட்டியோட. இனி கடல் சுவரைப் பத்தி மனு எழுதுறப்போ, பில் நம்பரையும் சேர்த்தே எழுதலாம்னு இருக்கேன்!