நான்கு ஜெனரேட்டர்களும் ஒரு கழிவுநீர்க் குழாயும்

கடல் தாண்டிப் பறக்கும் பயணிகளில் பலருக்கு இரண்டு இன்ஜின் விமானத்தைவிட நான்கு இன்ஜின் விமானத்தில்தான் நம்பிக்கை. ஒன்று போனாலும் மூன்று இருக்கிறதே! இன்ஜினுக்கு ஒரு ஜெனரேட்டர் என்பதால் மின்சாரத்துக்கும் அதே கணக்கைப் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கணக்கு போதாது என்பது என் உறுதியான எண்ணம். 2008 ஜனவரி 7 அன்று லண்டனிலிருந்து பாங்காக் வந்த குவாண்டாஸ் போயிங் 747 அதற்குச் சான்று. 365 பேருடன் அது கீழிறங்கிக்கொண்டிருந்தபோது, முன்பக்கச் சமையலறையில் தண்ணீர் வழிந்தோடுவதாகக் கேபின் ஊழியர்கள் விமானிகளிடம் தெரிவித்தார்கள். சில நிமிடங்களில் நான்கு மின்சுற்றுகளில் மூன்று அணைந்துபோயின. இன்ஜின்கள் நான்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் விசாரணை, பழுதின் வேரைச் சமையலறையில் கண்டது. அங்கிருந்து கழிவுநீர் வெளியேறும் குழாயைப் பனிக்கட்டி அடைத்திருந்தது. போக வழியில்லாத நீர் தளத்துக்கு அடியில் இறங்கியது. முதன்மை மின்சாதன அறை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சாதனங்களைக் காக்க வேண்டிய நீர்த்தடுப்பு மறைப்பில் விரிசல். ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள் நனைந்து செயலிழந்தன. நான்கு பூட்டுப் போட்டுவிட்டுச் சாவிகளையெல்லாம் ஒரே ஆணியில் மாட்டிய வீடு போலத்தான் இது. எத்தனை இருக்கின்றன என்பதல்ல, ஒரே காரணம் எத்தனையைச் சாய்க்க முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பத்திரமாக இறங்கிவிட்டதே, அப்படியானால் ஏற்பாடு வேலை செய்தது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. முக்கியக் கருவிகளுக்கு பேட்டரி மின்சாரம் கொடுத்தது. எஞ்சியதை வைத்து விமானத்தை ஓட்டுவதில் கவனம் சிதறாமல் ஓடுபாதைக்குக் கொண்டுவந்த விமானிகளின் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த பேட்டரி அரை மணி நேரக் கணக்கில் வடிவமைக்கப்பட்டது. வால்பகுதியில் இருக்கும் துணை மின்இயந்திரத்தை 747-இல் பறக்கும்போது கிளப்பவும் முடியாது. அன்று பகல் வெளிச்சம் இருந்தது, விமான நிலையமும் பக்கத்தில் இருந்தது. இதே கசிவு சில மணி நேரம் முன்னதாக, ஓடுபாதை எட்டாத தூரத்தில் தொடங்கியிருந்தால், அதே விமானிகள் என்ன செய்திருக்க முடியும்? வாய்த்த சூழலையும் வடிவமைப்பின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

அரிதாக நடந்த ஒன்றுக்காக விமானத்தையே மாற்றிக் கட்டுவதா என்பது அடுத்த ஆட்சேபம். அவ்வளவு தேவையில்லை. குழாயில் பனி உறையாமல் பார்ப்பதும், நீர்த்தடுப்பு மறைப்பைக் கழற்றிப் பரிசோதிப்பதும் பணிமனையில் செய்யக்கூடிய வேலைகள். இருக்கைகளையும் தரைவிரிப்பையும் புதுப்பிக்கக் கிடைக்கும் நேரமும் பணமும் தளத்துக்கு அடியில் இருக்கும் இந்த மறைப்புக்கும் கிடைக்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பின் சோதித்தபோது, அதே நிறுவனத்தின் வேறு சில 747 விமானங்களிலும் இத்தகைய விரிசல்கள் காணப்பட்டன. அதுவரை அவையும் வழக்கம்போல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்துகொண்டுதான் இருந்தன.