பிளாங்க்

எண்ணூர் முகத்துவாரக் கரையில் நாங்கள் போய் நின்றபோது மணி ஐந்தரை. நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் தேதியே குறித்திருந்தார்கள். நீரிலுள்ள உலோகங்களை அளக்க மாதிரி எடுக்க வந்திருந்த பேராசிரியை, படகில் ஏறுமுன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "மோதிரத்தக் கழட்டிடுங்க. சன்ஸ்கிரீன் போட்டிருக்கீங்களா?" போட்டிருந்தேன். "அதுல ஜிங்க் ஆக்ஸைடு இருக்கும். கழுவிட்டு வாங்க. கழுவினாலும் பாட்டில் பக்கம் மட்டும் வராதீங்க." அவருடைய ஆய்வு மாணவிகள் இருவரும் வளையல், தோடு எல்லாம் கழற்றிவிட்டு, நெற்றியில் பொட்டுகூட இல்லாமல் வந்திருந்தார்கள்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் இது. ஒரு பக்கம் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் காமராசர் துறைமுகம். எரித்த நிலக்கரியின் சாம்பல் நீரோடு கலந்து குழாய்களில் போகிறது. குழாய் கசிந்த இடங்களில் ஆற்றின் அடி சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயின் கறையை அலையாத்தி மரங்களின் தண்டில் படகோட்டி அண்ணன் தொட்டுக் காட்டினார். நிலக்கரிக்குள் ஆர்செனிக், செலினியம், ஈயம், கேட்மியம் எல்லாம் துளித்துளியாக இருக்கும். கரி எரிந்துபோகும், உலோகம் எரியாது. அதனால் சாம்பலில் அதன் செறிவு கூடிவிடுகிறது.

துளி என்றால் எவ்வளவு? இவர்கள் பேசும் அளவு பிபிபி, அதாவது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் பாதி அரிசி மணி எடைக்கு ஈயம் கரைந்திருந்தால் அது ஏறக்குறைய ஒரு பிபிபி. குடிநீரில் கேட்மியத்துக்கு இந்தியத் தரம் வைத்திருக்கும் வரம்பே மூன்று பிபிபிதான்.

முதல் இடத்தில் படகு நின்றதும் யாரும் பேசவில்லை. வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலும் நைட்ரிக் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறி, தூய நீரில் பலமுறை அலசப்பட்டு, இரண்டு ஜிப் உறைகளுக்குள் இருக்கிறது. ஒரு மாணவி வெளியுறையை மட்டும் திறந்து நீட்டுகிறார். அவர் 'அழுக்குக் கை'. இன்னொருவர், 'சுத்தக் கை', உள்ளுறைக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுக்கிறார். அந்தக் கை வேறு எதையும் தொடக்கூடாது. படகின் விளிம்பை, தன் மூக்கை, எதையுமே. காற்றுக்கு எதிர்முகமாக முன்னணியத்தில் மண்டியிட்டு, பாட்டிலை மூடியபடியே நீருக்குள் அமிழ்த்தி, உள்ளேயே மூடியைத் திறந்து, நிரம்பியதும் உள்ளேயே மூடுகிறார். அவர் முழங்கை நடுங்கியதைப் பார்த்தேன். குளிரால் அல்ல, அந்த ஒரு நிமிடம் முழுக்க மூச்சை அடக்கியிருந்ததால்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த தூய தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை அதே இடத்தில் திறந்து, அந்த நீரை இன்னொரு காலிப் பாட்டிலில் ஊற்றி மூடி, அதற்கும் எண் எழுதினார்கள். அதன் பெயர் பிளாங்க். அதில் எந்த உலோகமும் இருக்கக்கூடாது. இருந்தால் அது ஆற்றிலிருந்து வந்ததல்ல, இவர்களிடமிருந்து வந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிளாங்க்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பூமியின் வயதைக் கணக்கிட ஈயத்தை அளந்துகொண்டிருந்த அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சனுக்கு அளவுகள் சரியாகவே வரவில்லை. காற்றில், தூசியில், ஆய்வாளர் தலைமுடியில் என்று எங்கும் ஈயம். தூசி புகாத ஆய்வுக்கூடத்தை உருவாக்கிய பிறகுதான் 1956இல் 455 கோடி ஆண்டு என்ற கணக்கை அவரால் வெளியிட முடிந்தது. பிறகு அவர் பெட்ரோலில் கலந்த ஈயத்தை எதிர்த்தே வாழ்நாளைச் செலவிட்டார். இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் 2000இல்தான் வந்தது. கடல்நீரின் கதையும் இதேதான். 1970களின் நடுப்பகுதி வரை வெளியான பல அளவுகள் கடலை அளந்தவை அல்ல, கப்பலின் துருவையும் இரும்புக் கம்பியையும் அளந்தவை.

மூன்றாவது இடத்தில் நீரோட்டம் இழுத்தது. அண்ணன் சங்கிலியோடு நங்கூரத்தைப் போட்டார், துத்தநாகம் பூசிய சங்கிலி. அது விளிம்பில் உரசிக்கொண்டு இறங்கியது.

பாலத் தூண்களில் ஒட்டியிருந்த பச்சைச் சிப்பிகளையும் எடுத்தார்கள். சிப்பி நகராது. இருந்த இடத்திலேயே லிட்டர் லிட்டராகத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். அதனால் அதன் சதையில் அந்த இடத்தின் பல மாதக் கணக்கு சேர்ந்துவிடுகிறது. எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975இல் உலகக் கடற்கரைகளையெல்லாம் சிப்பிகளைக் கொண்டு கண்காணிக்கலாம் என்று யோசனை சொன்னது இதை வைத்துத்தான். பிடித்த சிப்பிகளை உடனே அறுப்பதில்லை. தூய கடல்நீரில் ஒரு நாள் விட்டு, குடலில் இருக்கும் சேறு வெளியேறிய பிறகு, பீங்கான் கத்தியால் சதை எடுக்கிறார்கள். எஃகுக் கத்தி பட்டால் குரோமியமும் நிக்கலும் சேர்ந்துவிடும்.

கரையேறியபோது இறால் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் பெட்டியைப் பார்த்தார். "இன்னாம்மா, இத்த துன்னலாமா வாணாமா? அத்த மட்டும் சொல்லு."

பேராசிரியை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "இப்பவே சொன்னா அது பொய்யாப் போயிடும்க்கா. எண்ணு வந்ததும் நானே நேர்ல வந்து சொல்றேன்."

அவர் ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்பது ஆய்வகத்தில்தான் எனக்குப் புரிந்தது. சிப்பிச் சதையில் ஆர்செனிக் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் கடலுயிர்களில் அதன் பெரும்பகுதி ஆர்செனோபீட்டெய்ன் என்ற சேர்மமாக இருக்கும், அது அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் சிறுநீரில் போய்விடும். பாதரசம் அப்படியல்ல. மெத்தில் பாதரசமாக மாறினால் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி ஏறிப் பெருகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்டது அந்த நஞ்சின் துயரம்தான். கேட்மியமோ துத்தநாகத்தைப் போல வேடமிட்டு உடலுக்குள் நுழைகிறது. அதைப் பிடித்துக் கட்டிவைக்க உயிர்களிடம் மெட்டலோதயோனின் என்ற புரதம் இருக்கிறது. 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார்கள். கட்டிவைக்கிறதே தவிர வெளியேற்றுவதில்லை. மனிதச் சிறுநீரகத்தில் கேட்மியம் பத்து ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிடும்.

ஐசிபி-எம்எஸ் கருவி ஆர்கான் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாக்கி, மாதிரியை அணு அணுவாகப் பிரித்து எடைபோடுகிறது. அந்த எடையிலும் ஒரு ஏமாற்று உண்டு. உப்பிலிருக்கும் குளோரின் 35, ஆர்கான் 40, சேர்ந்தால் 75. ஆர்செனிக்கின் நிறையும் 75. கவனிக்காவிட்டால் வெறும் கடலுப்பு ஆர்செனிக்காகப் பதிவாகிவிடும். இதைத் தடுக்க ஹீலியத்தை இடையில் செலுத்துகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து அட்டவணை வந்தது. மூன்றாம் இடத்துப் பிளாங்கில் துத்தநாகம் இருந்தது. எனக்குச் சங்கிலி நினைவுக்கு வந்தது, பிறகு என் முகத்தில் பூசியிருந்த களிம்பும். இரண்டையும் சொன்னேன்.

"எதுன்னு கண்டுபிடிக்க முடியாதுங்க. அந்தச் சங்கிலி எல்லா இடத்துக்கும் நம்மகூடவே படகுல வந்திருக்கு" என்றார். ஸ்கேலை வைத்து, நான்கு இடங்களின் துத்தநாகப் பத்தியையும் ஒரே கோட்டில் அடித்தார். மாணவியின் இரண்டு மாத வேலை. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் புதிய பாட்டில்களை அமிலத் தொட்டியில் இறக்கத் தொடங்கினார்.

பேராசிரியை படகோட்டிக்குப் போன் போட்டார். "அண்ணே, அமாவாசை முடிஞ்சு மறுநாள் வரலாமா? இந்தத் தடவை சங்கிலி வேணாம், கயிறு மட்டும் போதும்."

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார்.

"அந்த அக்காகிட்ட சொல்லுங்க. மறக்கல. இன்னும் ஒரு தடவை எடுக்கணும்."