அய்யா கேட்ட சிம்பொனி

ஆஸ்டின் நகரத்தை வடக்கு தெற்காகப் பிளந்துகொண்டு 35ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. அதற்கு மேற்கே சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், கிழக்கே கரிசல். நாங்கள் கிழக்கே வீடு வாங்கினோம். முதல் கோடையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, வீட்டைச் சுற்றித் துளைபோட்ட ரப்பர் குழாயைப் பரப்பித் தண்ணீரைக் கசியவிடச் சொன்னார். மண் காய்ந்து சுருங்கினால் அஸ்திவாரம் விரிசல் விடும் என்றார். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் கன்றுக்குட்டியின் கால் சிக்கும் அளவுக்கு வெடிக்கிற நிலத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவன் நான்.

டெக்சாஸ்காரர்கள் இந்த மண்ணுக்கு ஹூஸ்டன் பிளாக் என்று பெயரிட்டு மாநில மண்ணாகவே வைத்திருக்கிறார்கள். மண்ணியல் படித்தவர்கள் இதையும் எங்கள் ஊர்க் கரிசலையும் வெர்டிசால் என்ற ஒரே வகையில் சேர்ப்பார்கள். இதிலும் பருத்தி விளையும், அதிலும் பருத்தி விளையும்.

அம்மா தவறிய பிறகு தனியாக இருந்த அய்யாவை 2005 தை மாதம் இங்கே கூட்டிவந்தேன். வந்த மறுநாள் காலையில் கொல்லையில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலால் நசுக்கிப் பார்த்தார். "நம்ம மண்ணுதாம்ப்பா. உளுந்து போடலாம்" என்றார். இங்கே தங்கிய ஆறு மாதத்தில் இந்த நாட்டைப் பற்றி அவர் மனம்விட்டுச் சொன்ன நல்ல வார்த்தைகள் இரண்டு. அது முதலாவது. மற்றது ஒரு கச்சேரியில் வந்தது.

இங்கே ஆறாம் வகுப்பில் பாண்டு ஒரு பாடம். கணக்கு, அறிவியல் போல அதற்கும் ஆசிரியர், அறை, தேர்வு எல்லாம் உண்டு. மகள் கிளாரினெட் எடுத்திருந்தாள். சாயங்காலம் அவள் ஊத ஆரம்பித்தால் அய்யா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இளவட்டமாக இருந்தபோது காருகுறிச்சி அருணாசலத்தின் மேளத்துக்குப் பின்னால் விடிய விடிய நடந்தவர். "தொண்டையில இருந்து ஊதாத தாயி, வயித்துல இருந்து மூச்ச எடு" என்பார். பள்ளி ஆசிரியரும் அதையேதான் சொல்லியிருந்தார் என்று மகள் ஆச்சரியப்பட்டாள்.

காருகுறிச்சியாரை வெளியூர்க்காரர்கள் 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியின் குரலோடு இழைந்த நாதஸ்வரமாக அறிவார்கள். எங்கள் வட்டாரத்துக்கு அவர் வீட்டு மனிதர். பிறந்தது சேரன்மகாதேவிப் பக்கம், பாடம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம், வாழ்ந்தது கோவில்பட்டியில். 1964இல், நாற்பத்து மூன்று வயதுகூட நிறையாமல் போய்விட்டார். அந்த இழவை அய்யா சொந்த அண்ணன் சாவைப் போலச் சொல்வார்.

பிப்ரவரியில் மகளின் ஆசிரியர் பெற்றோர்களுக்குக் கடிதம் அனுப்பினார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் காற்று வாத்தியக் குழு ஒரு புதிய சிம்பொனியை முதன்முறையாக வாசிக்கப்போகிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள் என்று. நாங்கள் மூவரும் போனோம்.

ஜான் கொரிக்லியானோ எழுதிய மூன்றாவது சிம்பொனி அது. பெயர் 'சர்க்கஸ் மாக்சிமஸ்'. திரைப்பட இசைக்கு ஆஸ்கரும், இரண்டாவது சிம்பொனிக்கு 2001இல் புலிட்சர் பரிசும் வாங்கிய மனிதர். அவரிடம் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளி தன் மாணவர்களுக்காகவே கேட்டு எழுதி வாங்கியிருந்தது. ஜெர்ரி ஜங்கின் நடத்தினார். பண்டைய ரோமில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடித் தேரோட்டப் பந்தயம் பார்த்த அரங்கின் பெயரை வைத்து, கேளிக்கையில் பசி அடங்காத இன்றைய உலகத்தைப் பேசுகிற இசை. எட்டுப் பகுதிகள், சுமார் 35 நிமிடம்.

விளக்கு அணைந்ததும் முதல் ஓசை மேடையிலிருந்து வரவில்லை. எங்கள் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. 11 டிரம்பெட்காரர்களை அரங்கைச் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். மாடத்தில் சாக்ஸபோன்கள். ஒரு கட்டத்தில் ஒரு சிறு பாண்டு நடைபாதையில் அணிவகுத்தே வந்தது. அய்யா திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னார்: "செண்பகவல்லி அம்மன் கோயில்ல நாலு வீதியிலயும் நாலு செட்டு மேளம் நின்னு வாசிக்கிற மாதிரியில்ல இருக்கு!"

இதை வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிறகுதான் மகளின் ஆசிரியர் எனக்கு விளங்கச் சொன்னார். ஒலி ஒரு நொடியில் 340 மீட்டர் போலத்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி மாடத்தில் நிற்பவருக்கு மேடையின் தாளம் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித்தான் கேட்கும். அதைக் கேட்டு அவர் வாசித்தால், அவர் ஓசை மேடைக்குத் திரும்ப இன்னொரு பத்தில் ஒரு பங்கு ஆகும். விரைவான இசையில் அந்த இடைவெளி போதும், எல்லாம் கலைந்துவிடும். ஆகவே காதுக்கு வருவதை ஒதுக்கி, நடத்துநரின் கோலை மட்டும் கண்ணால் பிடித்து வாசிக்க வேண்டும். இசைக் கலைஞனிடம் உன் காதை நம்பாதே என்று சொல்வது எத்தனை பெரிய சோதனை! அதை இருபது வயதுப் பிள்ளைகள் தாண்டினார்கள். அதே மாதத்தில் நியூயார்க் கார்னகி அரங்கிலும் போய் வாசித்தார்கள்.

நடுவில் இரவைச் சொல்லும் இரண்டு பகுதிகள் வரும். முதலாவது காட்டு இரவு, அடுத்தது நகரத்து இரவு. அந்தக் காட்டு இரவில் அய்யா கண்ணை மூடிக்கொண்டார். கம்மங்காட்டுக் காவலுக்குப் பரண் மேல் படுத்த ராத்திரிகள் அவருக்கு நினைவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடைசியில் மொத்த வாத்தியங்களும் உச்சத்தில் முழங்கி, ஒரே ஒரு துப்பாக்கி வெடியோடு சிம்பொனி முடிகிறது. நிஜமான வெடிச்சத்தம். பலர் பதறினார்கள். அய்யா அசையவில்லை. காரில் வரும்போது சொன்னார்: "நம்ம ஊர்ல வேட்டுப் போட்டா சாமி புறப்படும். இவங்க வேட்டுப் போட்டு முடிக்காங்க. ஆனா ஒண்ணு, பிள்ளைக மூச்ச விட்டு வாசிக்கல. உசுர விட்டு வாசிக்காங்க." அதுதான் அவர் சொன்ன இரண்டாவது நல்ல வார்த்தை.

அந்த இரவிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி கிடக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏன் இப்படிப் புது இசையைக் கேட்டு வாங்குகின்றன? பழைய மேதைகளின் பெரும் சிம்பொனிகள் வயலின் கூட்டம் உள்ள ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்டவை. காற்று வாத்தியக் குழுவுக்கு அப்படிப் பெரிய சொத்து இருக்கவில்லை. ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பிரெடரிக் பென்னல் 1952இல் தொடங்கிய குழுவுக்குப் பிறகு, இல்லாததை எழுதிச் சேர்ப்பது என்று கல்லூரிகள் முனைந்தன. நமக்கு அந்தக் குறையும் இல்லை. சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி பாட்டின் துணையே இல்லாமல் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் என்றே பிறந்தது. திறந்தவெளியில், நடந்துகொண்டே, வீதி முழுக்கக் கேட்க வாசிக்கும் இசை. கொரிக்லியானோ அரங்கத்துக்குள் கட்டிக்காட்டியதை நம் கோயில் வீதிகள் காலம்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன.

வெளி இசை நமக்கு ஆகாது என்பாருக்கு எட்டயபுரம் பதில் சொல்லும். கோவில்பட்டியிலிருந்து 15 கிலோமீட்டர் போல. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானது அங்கேதான், நினைவிடமும் அங்கே இருக்கிறது. இளமையில் சென்னைக் கோட்டையில் கம்பெனிப் படையின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்து நோட்டு ஸ்வரங்கள் ஆக்கியவர் அவர். காற்று வாத்தியக் குழுவின் இசை கர்நாடக சங்கீதத்துக்குள் நுழைந்த வாசல் அது. அதே எட்டயபுரத்தில்தான் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியது. மழை பொய்க்கும் பூமியின் சிறு சமஸ்தானம் ஒன்று அவ்வளவு பெரிய இசை நூலைத் தாங்கியது.

ஆனால் நான் படித்த கல்லூரியின் ஆண்டு விழாவில் ஒரு பெரியவர் நாதஸ்வரம் வாசித்தார். தோடி ஆலாபனை எழும்பி வந்த நேரத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வாசலுக்கு வந்தது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பெரியவர் சீவாளியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுந்துபோனார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அய்யா 2011இல் காலமானார். மகள் இப்போதும் கிளாரினெட் வாசிக்கிறாள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரிகளை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு நல்ல நாதஸ்வர வித்வானையும் இளம் இசையமைப்பாளர் ஒருவரையும் ஓராண்டு சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். நாதஸ்வரம், தவில், உறுமி, பாண்டு செட்டு எல்லாம் சேர்ந்த அரை மணி நேரப் புது உருப்படி ஒன்றை உங்கள் மாணவர்களுக்கென்று எழுதச் சொல்லுங்கள். அதை அம்மன் கோயிலின் நாலு வீதியிலும் பிள்ளைகளை நிறுத்தி வாசிக்க வையுங்கள். பணம் போதவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். கரிசலில் பிறந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.