இரண்டாம் கியருக்கு வழிவிடுதல்



வளர்ந்த பிள்ளையின் மீதுள்ள பிடியைப் பெற்றோர் எப்போது தளர்த்த வேண்டும் என்பது நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத கேள்வி. ஓதிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம், பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம், நிக்காஹ்வைப் பற்றியும் பேசுகிறோம். விட்டுக்கொடுக்கும் வேளையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் நேருக்கு நேர் சந்தித்தது ஒரு விளையாட்டு வண்டியின் கியர் பெட்டியைப் பழுது பார்த்தபோது.

கமண்டல நாகநதிக் கரையில் உள்ள எங்கள் ஆரணி, பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். நெசவாளர்களிடம் சேலை வாங்கி விற்பது எங்கள் குடும்பத் தொழில். பிளஸ் டூ முடித்த மூத்த மகன் கடையில் அமர்வான் என்று நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம். அவனோ சென்னை சென்று இயந்திரவியல் டிப்ளமோ படிக்க வேண்டும் என்றான். அந்தப் பேச்சு முடிவு காணாமல் இழுபட்டுக்கொண்டிருந்த நாட்களில், வளைகுடாவிலிருந்து திரும்பிய அவனுடைய தாய்மாமன் பழைய நைட்ரோ ரிமோட் கார் ஒன்றைக் கொடுத்துச் சென்றார். வண்டி ஓடியது, ஆனால் இரண்டாம் கியர் விழவில்லை.

இது பேட்டரியில் ஓடும் பொம்மை அன்று. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளில் இயங்கும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இதில் உள்ளது. நிமிடத்திற்கு 30,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழலக்கூடியது. மெத்தனால் எத்தகைய நஞ்சு என்பதை 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்து நம் மாநிலம் கண்டது. அது எரியும்போது சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. எனவே மகனோடு முதலில் சில நிபந்தனைகளைப் பேசி முடித்தோம். எரிபொருள் பெயர் எழுதிய புட்டியில், பூட்டிய அலமாரியில் இருக்கும். வீட்டுக்குள் எஞ்சினை இயக்கக் கூடாது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அண்டை வீட்டாருக்குத் தொல்லை ஆகாது. ஆகவே அஸர் தொழுகைக்குப் பின், ஊருக்கு வெளியே உள்ள வெட்டவெளியில்தான் ஓட்ட வேண்டும். அவன் ஒன்றையும் மறுக்கவில்லை.

ஒரு மாலை அவன் கியர் பெட்டியைப் பிரித்து எங்களுக்கு விளக்கினான். ஒரே அச்சில் இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. பெரியது முதல் கியர், சிறியது இரண்டாம் கியர். முதல் கியரின் நடுவில் ஒருவழி பேரிங் ஒன்று உண்டு. அது அச்சைப் பிடித்துச் சுழற்றும். அச்சு அந்தக் கியரைவிட வேகமாகச் சுழலத் தொடங்கினால் பிடியை விட்டுவிடும். சைக்கிளின் ஃப்ரீவீல் செய்யும் வேலையே அது. இரண்டாம் கியரோடு ஒரு டிரம் இணைந்திருக்கிறது. அதற்குள் அச்சோடு சேர்ந்து சுழலும் சிறு கட்டைகளை ஸ்பிரிங்குகள் உள்நோக்கி அடக்கி வைத்திருக்கின்றன. வேகம் போதிய அளவு கூடியதும், ராட்டினத்தில் அமர்ந்தவர் வெளிப்புறம் தள்ளப்படுவதுபோல அந்தக் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பற்றுகின்றன. அந்த நொடியே அச்சை ஓட்டும் பொறுப்பு இரண்டாம் கியருக்குச் செல்கிறது. முதல் கியர் நின்றுவிடுவதில்லை. தன் வேகத்தில் சுழன்றுகொண்டே வழிவிடுகிறது.

பழுது எங்கே என்பதை அவன் வரிசையாகத் தேடினான். எஞ்சினுக்கு எரிபொருள் அளவுக்கு மீறிச் சென்றால் வேகம் ஏறாது. வேகம் ஏறாவிட்டால் இரண்டாம் கியரும் விழாது. அதைச் சோதித்தான், அதில் குறையில்லை. கட்டைகளும் டிரம்மும் எண்ணெய் படிந்து வழுக்கிக்கொண்டிருந்தன. ஒருவழி பேரிங்கில் முன்பு யாரோ கெட்டியான கிரீஸை அடைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்தான். பளபளப்பேறியிருந்த கட்டைகளின் முகத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தான். பேரிங்குக்கு இளகிய எண்ணெய் இரண்டு சொட்டு மட்டும் விட்டான். கையால் திருப்பியபோது ஒரு பக்கம் இறுகப் பிடித்தது, மறுபக்கம் தங்குதடையின்றி ஓடியது.

எஞ்சியது ஸ்பிரிங் திருகு. அதை இறுக்கினால் இரண்டாம் கியர் தாமதமாக விழும், தளர்த்தினால் சீக்கிரம் விழும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று, இரண்டு கட்டைகளுக்கும் சமமாக. அதற்கு மேல் திருப்பக் கூடாது என்றான். முதல் நாள் இறுக்கம் அதிகம். வண்டி முதல் கியரிலேயே அலறியது. மறுநாள் தளர்வு அதிகம். வேகம் எடுக்கும் முன்பே கியர் மாறி எஞ்சின் திணறியது. மூன்றாம் மாலை, ஓட்டத்தின் நடுவில் எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கியது. அடுத்த நொடி வண்டி பாய்ந்து சென்றது. உடன் வந்திருந்த நெசவுக்காரப் பெரியவர் சிரித்தார். “பாவும் இப்படித்தான். அதிகம் இழுத்தால் இழை அறும், தொய்ந்தால் துணி நிற்காது. கைதான் அளவு சொல்லும்” என்றார்.

அன்றிரவு இஷா தொழுதபின் நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவழி பேரிங் பிடியை விடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று மகனிடம் கேட்டிருந்தோம். இரண்டு கியர்களும் ஒரே அச்சை இரு வேறு வேகங்களில் ஓட்ட முயலும், பற்கள் உடையும் என்றான். அவன் பேசியது வண்டியைப் பற்றி மட்டுமே. எங்களுக்கோ எங்கள் வீட்டின் கடந்த இரண்டு மாதங்கள் கண்முன் வந்தன.

எங்கள் அச்சம் வீணானதும் அன்று. மஹல்லாவை விட்டுத் தொலைவில், ஃபஜ்ருக்கு எழுப்ப ஆளில்லாத அறையில் அவன் எப்படி இருப்பான் என்பதே பெரிய கவலை. இயந்திரப் படிப்பு நமக்கு ஏன் என்று வீட்டுப் பெரியவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கு அல்ஜஸரீயை நினைவூட்டினோம். தியார்பக்கிரில் அர்துக்கிய அரசர்களிடம் பணியாற்றிய அவர், நீர்க்கடிகாரங்களையும் நீரேற்றும் பொறிகளையும் செய்யும் முறையோடு விவரித்து 1206-இல் நூலை நிறைவு செய்தவர். பற்சக்கரங்களைக் கையாண்டதால் அவர் தீனிலிருந்து விலகிப் போகவில்லை. இஹ்ஸான் தொழுகை விரிப்போடு முடிந்துவிடுவதும் இல்லை. திருகை எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி, பொறுத்திருந்து, மீண்டும் சோதிக்கும் கையிலும் அது இருக்கிறது.

மூன்று மாலைகளில் நாங்கள் கண்டது அந்தப் பொறுமையைத்தான். அண்டை வீட்டாரை எண்ணிச் சத்தத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனவன், சொல்லாமலேயே எரிபொருள் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தாயிடம் கொடுத்தவன், பாங்கு கேட்டதும் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தவன். போதிய வேகம் அவனிடம் வந்துவிட்டது. பிடியை விட வேண்டியது எங்கள் பங்கு.

பள்ளிவாசலுக்கு அருகில் அறை பார்த்துக் கொடுத்தோம். மாதச் செலவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். தவக்குல் என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அன்று. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ரப்பிடம் ஒப்படைப்பது. கடைக் கணக்கை இப்போது மகள் பார்க்கிறாள். அவளுடைய எழுத்து எங்களுடையதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. எங்கள் துஆக்கள் முன்போலவே நடந்துகொண்டிருக்கின்றன, இப்போது ஒரு ஊரின் பெயரையும் சேர்த்துக்கொண்டு.

நம் பிள்ளைகளின் ஈமானையும், கைத்திறனையும், நல்லொழுக்கத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. உரிய வேளையில் வழிவிடும் மனத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.